உன் கார்டிலேயே ஒரு எண் இருக்கிறது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் முழுவதும் கேட்டேன். படிப்பு முடிந்துவிட்டது, வேலை கையில் இருக்கிறது, ஜெர்மனியில் தங்குவதற்கான கார்டு அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது, வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது நேரில் சந்திக்க நேரம், கிடைத்தபாடில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஊருக்குப் போய்ப் புது விசா போட்டுக்கொண்டு வா என்கிறார். இன்னொருவர் கார்டு முடிந்த மறுநாளே நீ சட்டவிரோதமாகிவிடுவாய் என்று பயமுறுத்துகிறார். மூன்றாமவர் ஒரு ஏஜென்ட் நம்பரைத் தள்ளிவிடுகிறார். எது சரி அக்கா என்று என்னைக் கேட்கிறாய். சொல்கிறேன், ஆனால் இந்த ஒரு தடவைதான். ஜெர்மனியில் இன்னும் பல வருஷம் இருக்கப் போகிறவன் நீ. ஒவ்வொரு தடவையும் யாரையாவது கேட்டுக்கொண்டு இருக்க முடியாது. அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் கார்டை எடு. ‘குறிப்புகள்’ என்று பொடி எழுத்தில் ஒரு இடம் இருக்கும். அங்கே 16பி என்று ஒரு பிரிவு எண் தெரியும். நீ எந்தச் சட்டப் பிரிவின் கீழ் இந்த நாட்டில் இருக்கிறாய் என்பது அதுதான். படிக்க வந்தவர்களுக்கு 16பி, பட்டதாரி வேலைக்கு 18பி, நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்த பட்டதாரிகள் வாங்கும் ப்ளூ கார்டுக்கு 18ஜி. கார்டோடு பச்சைத் தாள் ஒன்றும் கொடுத்திருப்பார்கள், அதைத் தொலைத்துவிடாதே. எத்தனை நாள் வேலை பார்க்கலாம் என்பது போன்ற நிபந்தனைகள் அதில்தான் இருக்கும்.

குழுவில் யார் என்ன சொன்னாலும் முதலில் ‘உங்கள் கார்டில் என்ன எண்?’ என்று கேட்டுப் பார். பாதிப் பேருக்குத் தெரியாது. ஊரில் அரிசி கார்டு, சர்க்கரை கார்டு என்று இருப்பது மாதிரிதான் இதுவும். பக்கத்து வீட்டுக்காரர் எதை வாங்கினார் என்பதை வைத்து உனக்கு என்ன கிடைக்கும் என்று சொல்ல முடியாது. உன் ஊர்க் கோயில் திருவிழாவில் பார்த்தாயே, எண்பதுகளில் வந்த ஈழத்து ஐயா, அவர் அனுபவத்துக்கு முன்னால் நாமெல்லாம் ஒன்றுமே இல்லை. ஆனால் அவர் வந்தது புகலிடம் கேட்டு. அவர் பட்ட பாடு சட்டத்தில் வேறு அத்தியாயம். அவர் சொல்வது பொய்யில்லை, உனக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

அடுத்தது, சட்டத்தை எங்கே படிப்பது? மத்திய நீதி அமைச்சகமே ‘கெஸெட்ஸே இம் இன்டர்நெட்’ என்ற தளத்தில் எல்லாச் சட்டங்களையும் இலவசமாகப் போட்டிருக்கிறது. உனக்கு வேண்டியது அவுஃபென்ட்ஹால்ட்ஸ்கெஸெட்ஸ். நாக்கு சுளுக்கிக்கொள்ளும், அதனால் இனி தங்கல் சட்டம் என்றே சொல்கிறேன். ஆங்கில வடிவமும் அங்கேயே இருக்கிறது, ஆனால் ஜெர்மன் மூலம் மாறிச் சில மாதம் கழித்துத்தான் அது மாறும். வழக்கு என்று வந்தால் ஜெர்மன் மட்டுமே செல்லும். உன் ஜெர்மன் பி1, அதாவது நடுத்தர நிலை, இருக்கிறதே, மீதிக்கு அகராதி போதும். நூறுக்கு மேல் பிரிவுகள் இருக்கிறதே என்று மலைக்காதே. உன் வாழ்க்கைக்கு வேண்டியது ஏழெட்டுப் பிரிவுதான்.

சரி, உன் பிரச்சினைக்கு வருவோம். பிரிவு 81-ஐத் திற, நான்காவது உட்பிரிவைப் பார். கார்டு முடிவதற்கு முன் நீட்டிப்புக்கோ வேறு வகைக் கார்டுக்கோ விண்ணப்பித்துவிட்டால், அலுவலகம் முடிவு சொல்லும் வரை பழைய கார்டு உயிரோடு இருப்பதாகவே கருதப்படும். இங்கே கணக்கு விண்ணப்பித்த தேதிக்குத்தான், டெர்மின் தேதிக்கு இல்லை. நீ டெர்மினுக்காக ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இணையப் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்துகொண்டு இருக்கிறாய், இன்னும் விண்ணப்பமே போடவில்லை. இன்றைக்கே போடு. உன் ஊர் அலுவலகத்துக்கு ஆன்லைன் வசதி இருந்தால் அதில் போட்டு, வரும் உறுதிச் சீட்டைச் சேமித்துவை. இல்லையென்றால் ஒரு பக்கக் கடிதம் போதும்: பெயர், பிறந்த தேதி, கார்டு எண், ‘18ஜி பிரிவின்படி ப்ளூ கார்டுக்கு விண்ணப்பிக்கிறேன்’ என்ற ஒரு வரி, கூடவே வேலை ஒப்பந்தம், பட்டம், பாஸ்போர்ட், இன்சூரன்ஸ் நகல்கள். மின்னஞ்சலிலும் அனுப்பு, பதிவுத் தபாலிலும் அனுப்பு. தபால் ரசீது உன் சான்று.

ஒரு நாள் தாமதித்தாலும் நிலைமை தலைகீழ். தாமதமான விண்ணப்பத்துக்கும், அநியாயக் கஷ்டம் வரும் என்றால் அதே சலுகையைக் கொடுக்க அதிகாரிக்கு இடம் இருக்கிறது. ஆனால் அது ‘கொடுக்கலாம்’ வகை, அவர் மனசுதான். 18ஜி அப்படியில்லை. நிபந்தனை எல்லாம் சேர்ந்திருந்தால் அவர் கொடுத்தே ஆக வேண்டும். பிரிவைப் படிக்கும்போது இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் தேடு. எங்கே கெஞ்ச வேண்டும், எங்கே நிமிர்ந்து கேட்கலாம் என்பது அதில் தெரிந்துவிடும்.

ஊருக்குப் போய்ப் புது விசா எடுக்கும் கதை உனக்கு வேண்டாம். தங்கல் ஆணை என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதில் பிரிவு 39. ஏற்கெனவே தங்கல் அனுமதி வைத்திருப்பவர் நாட்டுக்குள் இருந்தபடியே அடுத்த அனுமதி வாங்கலாம் என்று அது சொல்கிறது.

ஆனால் ஒன்று. பழைய கார்டு தொடர்கிறது என்றால் பழைய நிபந்தனைகளும் தொடர்கின்றன. மாணவனுக்கு வருஷத்துக்கு 140 முழு நாள் வேலைதான். முழுநேர வேலையில் உட்காருவது எப்போது? பிரிவு 81-இலேயே 5ஏ என்று ஒரு சின்ன உட்பிரிவு இருக்கிறது. அலுவலகம் புதுக் கார்டை அச்சடிக்கச் சொன்ன நேரத்திலிருந்து, கார்டு கையில் வராவிட்டாலும், அந்தக் கார்டில் வரப்போகும் வேலையைச் செய்யலாம். முடிவு வரும்வரை அலுவலகம் கொடுக்கும் இடைக்காலச் சான்றிலும் அதை எழுதித் தர வேண்டும். உன் கம்பெனி எச்.ஆர். இதைக் கேள்விப்படாமல் இருக்கலாம். அந்த வரியை நகலெடுத்து மின்னஞ்சலில் அனுப்பு, தேதியைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தாலும் முன்கூட்டியே தெரியும்.

ப்ளூ கார்டுக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் பற்றிக் குழுவில் ஒரு சண்டையே நடந்ததாகச் சொன்னாய். ஒருவர் 45,300 யூரோ என்கிறார், ஒருவர் 48,300, ஒருவர் 50,700. மூன்றுமே சரிதான்! முதலாவது 2024-இன் தொகை, அடுத்தது 2025, கடைசி இந்த 2026. சட்டத்தில் தொகையே கிடையாது, விகிதம்தான் இருக்கிறது. ஓய்வூதியக் காப்பீட்டுக்கான ஆண்டு வருமான உச்சவரம்பில் பாதி. அந்த வரம்பு ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும், கூடவே இதுவும் மாறும். அதனால் யாராவது தொகை சொன்னால் எந்த வருஷத்துத் தொகை என்று கேள்.

உன் ஆஃபர் 49,000. அப்படியானால் ப்ளூ கார்டு இல்லையே என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாயாம். இன்னும் இரண்டு வரி கீழே படித்திருக்கலாம். பட்டம் வாங்கி மூன்று வருஷம் தாண்டாதவர்களுக்கு வரம்பு பாதி இல்லை, 45.3 சதவீதம். இந்த வருஷம் அது 45,934 யூரோ 20 சென்ட். நீ தாராளமாக உள்ளே வருகிறாய்.

கார்டு வந்தபின் தெரிந்திருக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் 12 மாதத்துக்குள் வேலை மாறினால் அலுவலகம் குறுக்கிட்டுப் பார்க்க 30 நாள் எடுத்துக்கொள்ளலாம், அதன்பின் தொல்லை இல்லை. வேலை போய்விட்டால், தெரிந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் நீயே தெரிவிக்க வேண்டும். கம்பெனி சொல்லிக்கொள்ளும் என்று சும்மா இருக்காதே. பி.ஆர்., அதாவது நிரந்தரத் தங்கல் அனுமதி, கேட்க ப்ளூ கார்டில் 27 மாத வேலை, ஜெர்மன் பி1 இருந்தால் 21 மாதம். ஆக, அந்தப் பி1 சான்றிதழைப் பத்திரமாக வை.

ஏஜென்ட் விஷயம். நீயே நிரப்பக்கூடிய படிவத்தை நிரப்பித் தந்து காசு வாங்குகிறவர், தவறு நடந்தால் உன் பக்கம் நிற்க மாட்டார். வழக்கறிஞர் வேறு, அவரைத் தேவையில்லாமல் ஒதுக்கவும் வேண்டாம். நிராகரிப்புக் கடிதம் வந்தால் எதிர்க்கப் பொதுவாக ஒரு மாதம்தான் அவகாசம், எதிர்ப்பு மனு போட்டதால் மட்டும் நீ தங்கலாம் என்றும் ஆகிவிடாது. அன்றைக்குப் புத்திசாலித்தனம் காட்டாமல் நேராக வழக்கறிஞரிடம் போ. அதற்குக் கீழே உள்ள சந்தேகங்களுக்கு காரிட்டாஸ், டியாகோனி போன்ற அமைப்புகள் நடத்தும் குடியேறிகள் ஆலோசனை மையங்கள் இருக்கின்றன, காசு கிடையாது. விண்ணப்பம் போட்டு மூன்று மாதமாகியும் காரணமில்லாமல் பதிலே வரவில்லை என்றால் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட வழி உண்டு. அப்படி ஒரு வழி தெரியும் என்று மரியாதையாக எழுதினாலே சில கோப்புகள் நகரும் என்பது என் எண்ணம்.

அப்புறம், தீபாவளிக்கு அம்மாவைப் பார்க்கப் போகும் டிக்கெட். அவசரப்படாதே. இடைக்காலச் சான்றை வாங்கியதும் உள்ளே மூன்று கட்டங்களில் எதில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பார். 81-இன் நான்காம் உட்பிரிவில் குறி இருந்தால், பழைய கார்டையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் காட்டித் திரும்பி வரலாம். மூன்றாம் உட்பிரிவில் இருந்தால் அந்தத் தாளை வைத்துத் திரும்ப முடியாது. சென்னையில் கவுன்டரில் இருக்கும் விமானக் கம்பெனிக்காரருக்கு இந்தத் தாள் என்னவென்றே தெரியாமல் போகலாம், கொஞ்சம் முன்னதாகப் போ.

ஒன்றை மட்டும் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறேன். அந்த 45.3 சதவீத வரம்பில் வருகிறவர்களுக்கு இன்னொரு அரசு நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டுமா, வேண்டாமா? 18ஜி-யின் முதல் உட்பிரிவிலேயே இருக்கிறது. படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி நீ சொல். அதற்கு முன்னால் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு ரசீதைப் போட்டோ எடுத்துப் போடு.

அன்புடன்,
அக்கா