அரிசி இல்லாத இட்லி

அன்புள்ள மீனாட்சி,

பேத்திக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்ததும்தான் நிம்மதி. இனி உன் இட்லிக்கு வருகிறேன்.

கல்யாணிச் சாளுக்கியர் காலத்தில், 1025 வாக்கில், இரண்டாம் சாவுண்டராயர் கன்னடத்தில் எழுதிய ‘லோகோபகாரம்’ என்ற நூலைப் பார்த்துச் செய்தாய், பொங்கி எழுந்தது இறக்கியதும் சப்பையாகிவிட்டது, அரிசி சேர்க்கலாமா என்கிறாய். சேர்க்காதே. சேர்த்தால் அது நம் வீட்டு இட்லி ஆகிவிடும். உளுந்தை மோரில் ஊறவைத்து, நைசாக அரைத்து, தயிரின் தெளிந்த நீர் விட்டு, சீரகம், கொத்தமல்லி விதை, மிளகு, பெருங்காயம் சேர்ப்பதுதான் அவர் சொல்வது. ராத்திரி முழுக்கப் புளிக்கவைப்பது அதில் கிடையாது. ஆவியில் வேகவைப்பதுகூட நாம் எடுத்துக்கொண்ட வழிதான்.

200 கிராம் தோல் நீக்கிய முழு உளுந்து எடு. மோர் தண்ணியாக இருக்கட்டும். புளிப்பில் பருப்பு மெதுவாகத்தான் ஊறும். தண்ணீரில் 3 மணி நேரம் என்றால் இதற்கு 5 மணி நேரம் கொடு. கிள்ளிப் பார்த்தால் நடுவில் சுண்ணாம்புப் பொட்டு தெரியக்கூடாது.

அரை லிட்டர் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, வடியும் நீரை ஃப்ரிட்ஜில் வை. உளுந்தை வடித்துக் கிரைண்டரில் போட்டு, அந்த நீரைக் கை கையாகத் தெளித்து அரை. முக்கால் டம்ளருக்கு மேல் வேண்டாம். மிக்ஸியில் மாவு சூடாகிக் காற்றுப் பிடிக்காது. ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம்.

பொங்கியது ஏன் அமுங்கியது? உளுந்தின் கொழகொழப்பு காற்றைப் பிடித்து வைக்கும். ஆனால் வெந்தபின் இறுகித் தாங்குவது அரிசி. இங்கே அது இல்லை. பெரிய குழியில் நிறைய ஊற்றினால் அமுங்கத்தான் செய்யும். மினி இட்லித் தட்டில் பாதிக் குழி மட்டும் ஊற்று. 10 நிமிஷத்தில் அடுப்பை அணைத்து, இன்னும் 5 நிமிஷம் மூடியைத் திறக்காமல் விடு.

மிளகும் சீரகமும் ஒரு ஸ்பூன், கொத்தமல்லி விதை ஒன்றரை, கரகரப்பாகப் பொடித்துக் கடைசியில் கலக்கு. கடைப் பெருங்காயத்தூளில் மாவு கலந்திருக்கும். பால் பெருங்காயத்தைப் பட்டாணி அளவு தயிர் நீரில் கரைத்து விடு, வாசனையே வேறு.

மிளகாய்ப்பொடி மட்டும் பக்கத்தில் வைக்காதே. போர்ச்சுகீசியர் வருவதற்கு முன்னால் மிளகாய் ஏது? சுடச்சுட நெய் விட்டுச் சாப்பிடு, ஆறினால் ரப்பர் மாதிரி இழுக்கும்.

இந்த முறை எப்படி வந்தது என்று எழுது.

அன்புடன்,
கல்யாணி