காரப்பொடி, கிழங்கான், சொல்தா

கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பா,

நலமா? மூட்டுவலி பரவாயில்லையா? இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குத்தான் இடது கண்ணில் பார்வை அனேகமாகப் போய்விட்டது. வலது கண்ணுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன்.

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கருவாட்டை வைத்தே ஓட்டினோம். விசைப்படகுகள் போய்வரத் தொடங்கியதும், போன ஞாயிறு விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் ஒரு கூறு மீன் வாங்கிவந்தேன். எல்லாம் கலந்து கிடந்தது.

அம்மா மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "உனக்குக் கண் தெரியலையே, நான் ஆயறேன்" என்றேன். பதில் சொல்லாமல் சட்டிக்குள் கையை விட்டாள். தட்டையாக, கொழகொழவென்று ஒன்று வந்தது. "காரப்பொடி. கல்லுப்பு போட்டுத் தேய்ச்சாதான் இந்த வழவழப்பு போகும்." அடுத்தது நீளமாக, உருண்டையாக. "கிழங்கான். பிள்ளைக்கு எடுத்து வை, முள்ளு கம்மி." ஒன்றுகூடத் தப்பவில்லை.

லீவுக்கு வந்திருந்த பேத்தி பக்கத்திலேயே குந்தியிருந்தாள். பெங்களூரில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள், ஆனாலும் அவளுக்கு எல்லாமே ஃபிஷ்தான். துண்டு போட்டுப் பையில் அடைத்து வருகிற மீனுக்குப் பெயர் எப்படித் தெரியும்? அம்மா அவள் கையைப் பிடித்து அந்த மீனின் மேல் வைத்தாள். "வழுக்குது" என்று கையை இழுத்துக்கொண்டவள், கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே தொட்டுப் பார்த்து, "காரப்பொடி" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்போது உன் அப்பா ஞாபகம் வந்தது. உங்கள் தெருவில் எல்லாரும் அவரைச் 'சொல்தா' என்பார்கள். அதுதான் அவர் பெயர் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களுக்குப் புதுச்சேரித் தமிழ் வைத்த சொல் என்று நீதான் பிறகு சொன்னாய். இப்போது உங்கள் தெருவில் அப்படிக் கூப்பிட யாராவது இருக்கிறார்களா? உங்கள் வீட்டில் புழங்கிய அந்த மாதிரிச் சொற்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையேன். யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதையும் சேர்த்து எழுது. வெறும் சொல் மட்டும் எனக்குப் போதாது.

அம்மாவின் ஆபரேஷன் உங்கள் ஊரில்தான். முந்தின நாள் சாயங்காலமே உன் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். கிழங்கான் கிடைத்தால் எடுத்துவருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்