குதிரைவீரனை ஊறப்போடாதே

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும் கூட வைத்திருந்த படங்களும் வந்தன. புது வேலை பிடித்துப்போனது, அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்து உனக்குப் பிரஷ் கழுவித் தருவது எல்லாம் படிக்கப் படிக்க மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் விடுதிக்குப் போய்விட்டதால் அவளுடைய மேசை இப்போது என் பெயிண்ட் மேசை ஆகிவிட்டது. ஜன்னலை ஒட்டி இருப்பதால் பகல் வெளிச்சம் நன்றாக விழுகிறது. தலையில் மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கி ஒன்றும் வாங்கினேன். நீயும் ஒன்று வாங்கிக்கொள், கழுத்து வலி பாதி குறையும்.

கடைசிப் பக்கத்தில், நீ பெயிண்ட் அடித்துவந்த அந்தச் சின்னஞ்சிறு குதிரைவீரன் பொம்மை கெட்டுப்போனான், பூசியது முழுவதும் உரிய ஆல்கஹாலில் ஊறப்போட்டு முதலிலிருந்து தொடங்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் மற்ற சேதிகளைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஊறப்போடாதே, மல்லிகா. படங்களை உருப்பெருக்கியில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தக் குதிரையின் கழுத்திலும் பிடரியிலும் நிழல் இறங்கும் விதம், நீ இதுவரை செய்ததிலேயே சிறந்தது. கெட்டிருப்பது மூன்று இடங்கள்தான்: வீரனின் கண், சிவப்பு மேலங்கியில் தெறித்த வெள்ளிப் புள்ளிகள், குதிரையின் பின்பக்கத்தில் வாஷ் (பள்ளங்களில் நிழல் தரப் பூசும் நீர்த்த பெயிண்ட்) தேங்கிக் காய்ந்த வளையம். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஊறப்போட்டால் இந்த மூன்றோடு அந்தக் கழுத்தும் போய்விடும்.

எந்தத் தவறைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பெயிண்ட் இப்போது எந்த நிலையில் இருக்கிறது? அக்ரிலிக் பெயிண்ட் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும் நிறத்தூளும். தண்ணீர் ஆவியாக ஆக அந்தத் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து ஒரே படலமாகிவிடும். அதன் பிறகு தண்ணீர் அதைக் கரைக்காது. ஆகவே ஈரமாக இருக்கும் முதல் சில நொடிகளில் எல்லாம் சுலபம். சுத்தமான பிரஷைத் தண்ணீரில் நனைத்து, துணியில் ஒற்றி, நுனியால் தொட்டு இழுத்தால் தவறு அப்படியே வந்துவிடும். இதற்காகவே பெயிண்ட் தொடாத பிரஷ் ஒன்றை இடது கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். தேடி எடுப்பதற்குள் காலம் கடந்துவிடும்.

முழுதாகக் காய்ந்த பிறகும் கவலை இல்லை, மேலே இன்னொரு பூச்சு தரலாம். ஆபத்தெல்லாம் நடுவில்தான். மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாக இருக்கும் அந்த நேரத்தில் பிரஷ் பட்டால் படலம் கிழிந்து, சுருண்டு, சில சமயம் கீழே உள்ள பூச்சையும் பிய்த்துக்கொண்டு வரும். படத்தைப் பார்த்தால் உன் வீரனின் கன்னத்தில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கண் கோணியதும் உடனே சரிசெய்யப் போயிருப்பாய். ஈரத்தில் பிடிக்க முடியவில்லை என்றால் கையை எடுத்துவிடு. எழுந்து போய் வேறு வேலை பார். இந்தக் கலையில் எனக்குக் கற்றுக்கொள்ளக் கடினமாக இருந்தது இந்த எழுந்து போவதுதான்.

இப்போது கன்னத்தில் உருண்டு நிற்கும் துணுக்குகளை என்ன செய்வது? இரவு முழுக்கக் காய விடு. பிறகு 2000 எண் உப்புத்தாளில் நகக்கண் அளவுக்கு வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் தொட்டு மிக லேசாகத் தேய். மேடு போனால் போதும், பிரைமர் என்ற அடிப்பூச்சு தெரியும்வரை போகாதே. அதன் மேல் தோல் நிறத்தை நீர்க்கக் கலந்து இரண்டு மூன்று மெல்லிய பூச்சு.

கண்ணை அழிக்கவே வேண்டாம். 28 மில்லிமீட்டர் உயர உருவத்தில் கண் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த அளவில் சரியாக ஒரு புள்ளி வைப்பது யாருக்கும் கடினம். புள்ளியைச் சுற்றி இருப்பதைச் சரிசெய்வது அதைவிடச் சுலபம். விழி பெரிதாகி முறைக்கிறதா? மேல் இமைக்கு அடர்ந்த பழுப்பில் ஒரு கோடு இழுத்து விழியின் மேல் பாதியை மூடு. கீழே தோல் நிறத்தால் உள்நோக்கி நறுக்கிக்கொண்டு வா. முறைப்பு போய்ப் பார்வை வந்துவிடும். அடுத்த முறை கண்ணை முதலில் முடித்துவிட்டு முகத்தை அதைச் சுற்றி வரை. கண் பிசகினாலும் முகம் கெடாது.

வெள்ளிப் புள்ளிகளுக்கு வருகிறேன். உலோக நிறங்களில் மினுங்கும் நுண் செதில்கள் இருக்கின்றன. அவை பிரஷ் கழுவிய தண்ணீரில் மிதந்து அடுத்த நிறத்துக்குள் புகுந்துகொள்ளும். வெள்ளியும் தங்கமும் பூசி முடித்ததும் தண்ணீரை மாற்றிவிடு, முடிந்தால் அவற்றுக்குத் தனிக் குவளையே வை. சின்னவனிடம் சொல், அவன் பொறுப்பு இது. இப்போது பட்டிருக்கும் புள்ளிகளின் மேல் நேராகச் சிவப்பைப் பூசினால் மறையாது. சிவப்பும் மஞ்சளும் நன்றாக மூடும் நிறங்கள் அல்ல. எத்தனை பூச்சு கொடுத்தாலும் மினுக்கம் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். முதலில் செம்பழுப்பு போல நன்றாக மூடும் நிறத்தைப் புள்ளிகளின் மேல் மட்டும் வைத்துக் காயவிடு. அப்புறம் சிவப்பு. மஞ்சளில் இப்படி நடந்தால் அடியில் வெள்ளையோ வெளிர் பழுப்போ தர வேண்டும்.

நிறம் பொருந்துமா என்று பயப்படுவாய். அக்ரிலிக் காயும்போது கொஞ்சம் அடர்ந்துவிடும், ஆகவே ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதே. கலந்த நிறத்தை ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கில் தீற்றி, காயவிட்டு, மேலங்கியின் பக்கத்தில் வைத்துப் பார். பகலில் கலந்ததைப் பகலிலேயே ஒப்பிடு. விளக்கு மாறினால் ஒன்றாகத் தெரிந்த இரண்டு சிவப்பும் வேறாகத் தெரியும். இன்னொரு வழி, புள்ளியை மட்டும் ஒட்டுப்போடாமல் அந்தத் துணி மடிப்பு முழுவதையும் மேட்டிலிருந்து பள்ளம் வரை மறுபடி பூசிவிடுவது. மடிப்பின் ஓரத்தில் நிறம் மாறுவது இயல்பு என்பதால் கண் அதை ஏற்றுக்கொள்ளும். நான் இதைத்தான் செய்வேன்.

குதிரையின் பின்பக்கத்து வளையம்தான் நிதானமாகப் பார்க்க வேண்டியது. வாஷ் தேங்கிய இடத்தில் ஓரம் முதலில் காய்கிறது, நிறத்தூள் அந்த ஓரத்தை நோக்கி ஒதுங்கிக் கோடாகிவிடுகிறது. நீ போட்டது அக்ரிலிக் வாஷா, எனாமல் (தண்ணீரில் கரையாத, எண்ணெய் வகைப் பெயிண்ட்) வாஷா என்று எழுதவில்லை. எனாமல் என்றால் பிரச்சினையே இல்லை. எனாமலைக் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட் திரவத்தில் பிரஷை நனைத்து, நன்றாக ஒற்றிவிட்டு, வளையத்தின் ஓரத்தைத் தடவினால் கரைந்து வந்துவிடும். நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கை ஒயிட் ஸ்பிரிட் ஒன்றும் செய்யாது. எனாமலும் ஆயில் பெயிண்டும் அக்ரிலிக்கின் மேல் வருவதில் இருக்கும் பெரிய வசதி இது. அக்ரிலிக் வாஷ் என்றால் அடியில் உள்ளதைக் கெடுக்காமல் கரைக்க வழி இல்லை. குதிரையின் அடிநிறத்தைக் கண்ணாடி போலத் தெரியும் அளவுக்கு நீர்க்கக் கலந்து, வளையத்தின் மேல் பூச்சுக்குப் பூச்சு காயவிட்டு ஏற்ற வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் கோடு கரைந்து நிழலோடு நிழலாகிவிடும்.

உன் மாடல் விமானத்தின் இறக்கையில் டெக்காலுக்கு (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) அடியில் வெள்ளி போலப் பளபளப்பதாகச் சொன்னாய். அது பெயிண்ட் தவறு இல்லை, சொரசொரப்பான மேட் (பளபளப்பில்லாத) பரப்பில் ஒட்டியதால் அடியில் காற்று அகப்பட்டிருக்கிறது. நுண்ணிய ஊசியால் சில இடங்களில் குத்தி, மைக்ரோ சோல் போன்ற டெக்கால் இளக்கும் திரவத்தை வை. டெக்கால் சுருங்கும், பயந்து தொட்டுவிடாதே, தானாகப் படியும்.

பளபளப்பு வார்னிஷ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டெக்காலுக்கு அது நல்ல தளம், அது மட்டுமல்ல. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் மெல்லிய ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் அதுவரை செய்தது பூட்டி வைத்தது போல. அதற்கு மேல் நடக்கும் தவறை ஈரமான பல்குத்தும் குச்சியால்கூடச் சுரண்டி எடுக்கலாம். கடைசியில் மேட் வார்னிஷ் அடித்தால் பளபளப்பு போய்விடும். மேட் வார்னிஷை மட்டும் நன்றாகக் குலுக்கு, காற்றில் ஈரம் அதிகமாக உள்ள நாளில் அடிக்காதே, வெள்ளையாகப் பூத்துவிடும். பூத்தால் பெரும்பாலும் அதன் மேல் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தாலே தெளிந்துவிடும்.

ஊறப்போடுவதே கூடாது என்று சொல்லவில்லை. பிரைமரே மணல் மாதிரி விழுந்திருந்தால், பெயிண்ட் தடித்து விரல்களும் பொத்தான்களும் மூழ்கிப்போயிருந்தால், வேறு வழி இல்லை. அப்போதும் உருவம் எதில் செய்தது என்று பார்த்துக்கொள். கெட்டியான பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தாங்கும். சில ரெசின்கள் (அச்சில் வார்க்கும் பிசின் வகை) இளகிவிடும், மறைவான இடத்தில் சோதித்துவிட்டுப் போடு. அசிட்டோன் பாலிஸ்டைரீனைக் கரைத்தே விடும்; உலோக உருவங்களுக்கு மட்டும்தான் அது. எதைப் பயன்படுத்தினாலும் கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய். சின்னவன் அப்போது அறையில் வேண்டாம்.

அவனுக்கென்று ஓர் உருவம் அனுப்புகிறேன். பெரிய அளவு, 54 மில்லிமீட்டர், கைக்கு அடக்கமாக இருக்கும். பிரைமர் அடித்தே அனுப்புகிறேன்.

வாஷ் எந்த வகை என்பதை மட்டும் உடனே எழுது. தெரியாவிட்டால் குதிரையின் வயிற்றுக்கு அடியில், வாஷ் பட்ட இடத்தில், ஒயிட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஒருமுறை தடவிப் பார். பஞ்சில் நிறம் ஏறினால் எனாமல். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
தேன்மொழி