பி பக்கத்தில் கேட்கும் கிட்டார்

அன்புள்ளவர்களுக்கு,

போன ஏப்ரலில், நெதர்லாந்தின் அரசர் தினத்தன்று, ஹேக் நகரத் தெருவில் பழைய சாமான் பரப்பியிருந்த ஒருவரிடம் எங்கள் இசைத்தட்டை யாரோ வாங்கியிருக்கிறார். 1966இல் வந்த சின்னத் தட்டு. எங்கள் இசைக்குழு போட்டது அது ஒன்றுதான். உறையில் இருந்த பெயர்களை வைத்து விசாரித்து, என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காசும் வாங்காமல் போனார். ஐயா, முதல் நன்றி உங்களுக்கு. என்னிடம் இருந்த பிரதி ஒரு வீடு மாற்றும்போது தொலைந்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

அன்று இரவு தட்டின் மறுபக்கத்தை, அதாவது பி பக்கத்தைக் கேட்டதிலிருந்து இதை எழுதியே ஆக வேண்டும் என்று இருக்கிறேன்.

இந்தோனேசியா சுதந்திரம் அடைந்த பிறகு அங்கிருந்து கப்பலேறி வந்த டச்சு-இந்தோனேசியக் கலப்புக் குடும்பங்களை இங்கே இந்தோ என்பார்கள். எங்கள் ஊரில் அவர்கள் அதிகம். அப்படி ஒருவர் எங்கள் மாடியில் குடியிருந்தார். நாங்கள் அவரை ஓம் என்று கூப்பிடுவோம்; டச்சில் மாமா. பகலெல்லாம் கணக்கு எழுதும் வேலை, ராத்திரியில் சமையலறையில் கிட்டார்.

எனக்கு அப்போது 14 வயது. அம்மா தவணையில் வாங்கித் தந்த மலிவான எக்மண்ட் கிட்டாரில் கம்பிகள் அவ்வளவு உயரத்தில் நின்றன. சில கம்பிகளைச் சேர்த்தழுத்தி ஒரு கார்டு பிடித்தால் விரல் நுனி கன்றிவிடும். ஓம் கம்பிகளைத் தளர்த்தி, அடியில் இருந்த கட்டையை எடுத்து, மேசையில் உப்புத்தாளை விரித்துத் தேய்த்தார். தேய்ப்பார், பூட்டுவார், கண்ணை இடுக்கிப் பார்ப்பார், மறுபடி கழற்றுவார். மரத்தூளை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, “இப்போது பிடி” என்றார். வலிக்கவில்லை. நான் கிட்டார் வாசிப்பவன் ஆனது அந்த நிமிடத்தில்தான்.

டச்சு பாப் என்றால் இன்று கோல்டன் இயரிங்கைச் சொல்கிறார்கள், ‘வீனஸ்’ பாட்டால் 1970இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த ஷாக்கிங் ப்ளூவைச் சொல்கிறார்கள். இரண்டும் எங்கள் ஊர்க் குழுக்கள், எனக்கும் பெருமைதான். ஆனால் பீட்டில்ஸ் பெயர் எங்கள் காதில் விழும் முன்பே டீல்மன் சகோதரர்கள் கிட்டாரைத் தலைக்குப் பின்னால் வைத்து வாசித்துக் காட்டிவிட்டார்கள். எங்கள் தலைமுறைக்கு மின்கிட்டாரை அறிமுகப்படுத்தியவர்கள் அந்த இந்தோ இசைக்காரர்கள். அவர்களை இந்த நாடு அன்போடு வரவேற்கவில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அப்புறம், எங்களுக்கு வேன் தந்த காய்கறிக்காரர். ஃப்ரீஸ்லாந்தில் ஒரு நடன அரங்கில் நாலு மணி நேரம் வாசிக்க வைத்துவிட்டுப் பணம் தரவில்லை. பெட்ரோலுக்குக்கூட வழியில்லை. வேனை ஓட்டி வந்திருந்த அவர்தான் தன் பையிலிருந்து போட்டார். 32 கிலோமீட்டர் நீளமான அஃப்ஸ்லைட்டைக் அணையின் மேல், மூடுபனியில், வெங்காய வாசனைக்கு நடுவே ஆம்ப்ளிஃபையர்களைக் கட்டிப்பிடித்தபடி வந்தோம். விடிந்ததும் அவர் தூங்காமல் அப்படியே காய்கறி ஏலத்துக்குப் போனார்.

கப்பலிலிருந்து ஒலிபரப்பிய ரேடியோ வெரோனிக்காக்காரர்களுக்கும் நன்றி. ஹில்வர்சமில் நாடாவில் பதிந்ததைப் படகில் ஏற்றி, வட கடலில் நங்கூரமிட்டிருந்த கப்பலுக்கு அனுப்புவார்கள். எங்கள் பாட்டும் ஒருநாள் அப்படிக் கடலுக்குப் போய்க் காற்றில் திரும்பி வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டார்.

சரி, பி பக்கத்துக்கு வருகிறேன். மூன்று மணி நேரத்தில் இரண்டு பாட்டையும் பதிந்துவிட வேண்டும். ஏ பக்கத்துக்கே இரண்டரை மணி போய்விட்டது. இரண்டாவது பாட்டின் நடுவில் கிட்டார் தனியாக வரும் இடம் எனக்கு அமையவே இல்லை. விரல் நடுங்கியது. துணைக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் மூலையில் உட்கார்ந்திருந்த ஓம் எழுந்து வந்து கிட்டாரை வாங்கினார். ஒரே தடவைதான் வாசித்தார். அவர் ஊர் குரோன்சோங் இசையின் நெளிவு அதில் அப்படியே இருக்கிறது. “நீ வாசித்ததாகவே இருக்கட்டும்” என்று திருப்பிக் கொடுத்தார்.

அந்த இடத்தைப் பாராட்டி எத்தனையோ பேர் என் கையைக் குலுக்கியிருக்கிறார்கள். நான் வாய் திறக்கவில்லை. ஓம் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். அதை வாசித்தது அவர், நான் இல்லை.

தட்டைத் தேடிக்கொண்டுவந்த ஐயா, நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதை ஓமின் மகளிடம் கொடுத்துவிட்டேன். ஓமின் பெயர் பொதுவில் வர வேண்டாம் என்று அந்தம்மா கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. தட்டின் பி பக்கத்தில், என் பெயருக்கு மேலே, அந்தப் பெயரைப் பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
ஹேக் நகரிலிருந்து