காட்ஸில்லா உருவத்தின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேகரிப்போருக்கான பொம்மை உருவங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். திரைப்பட அரக்கர்களின் உருவங்களைப் பெரியவர்களும் வாங்கிப் பாதுகாப்பதைக் கேலிப்பொருளாக்காமல் எழுதியமைக்கு முதலில் நன்றி. ஆனால், ஜப்பானியத் திரைப்பட அரக்கனான காட்ஸில்லாவின் உருவங்களின் தரத்தை மதிப்பிடும் பகுதியில், எத்தனை மூட்டுகள் அசைகின்றன, பெட்டிக்குள் எத்தனை உதிரிபாகங்கள் இருக்கின்றன என்னும் இரண்டை மட்டுமே கட்டுரையாளர் கணக்கில் எடுத்திருக்கிறார். அந்த அளவுகோலோடு எனக்கு உடன்பாடில்லை.

முதலில் கேட்க வேண்டியது, இது எந்தப் படத்தின் காட்ஸில்லா என்பதுதான். இஷிரோ ஹோண்டா இயக்கி 1954-இல் டோஹோ நிறுவனம் வெளியிட்ட முதல் படத்தில் அந்த அரக்கனுக்குச் சிறிய காதுகள் உண்டு. காலுக்கு நான்கு விரல்கள். 1962-இல் கிங் காங்குடன் மோதியபோது காதுகள் காணாமல் போயின, விரல்களும் மூன்றாகிவிட்டன. 1984-இல் நான்காவது விரல் திரும்பி வந்தது. 1989-ஆம் ஆண்டுப் படத்தில் காட்ஸில்லாவாக நடிப்பவர் அணிந்த உடையில் பற்கள் இரண்டு வரிசையாக அமைந்தன. எனவே, 1954 என்று பெட்டியில் அச்சிட்டுவிட்டு மூன்று விரல்களோடு வரும் உருவம் எவ்வளவு வழுவழுப்பாகப் பெயின்ட் பூசப்பட்டிருந்தாலும் தரமானதாகாது. நிறமும் இப்படித்தான். பழைய பொம்மைகள் பல பச்சை வினைலில் (ஒருவகை பிளாஸ்டிக்கில்) வந்ததால் காட்ஸில்லா பச்சை நிறம் என்றே பலர் நம்புகிறார்கள். ஆனால் பெரும்பாலான படங்களில் அதன் தோல் கரியின் நிறம்தான்.

மூட்டுகளின் எண்ணிக்கைக்கு வருகிறேன். சிறப்புக் காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயாவின் குழு முதல் படத்துக்குச் செய்த உடை மிகவும் கனமானது; அதனுள் நின்று நடித்த ஹருவோ நகஜிமாவால் சிறிது தூரம்கூட எளிதில் நடக்க முடியவில்லை. காலை இழுத்து வைப்பதும், உடல் முழுவதும் சேர்ந்து திரும்புவதும், வால் பின்தங்கி வருவதும் அந்தக் கனத்திலிருந்து பிறந்தவையே. திரையில் நாம் பார்த்து அஞ்சியது அந்த நடையை. ஆகவே, தொடையை மார்புவரை தூக்கவும் இடுப்பை முழுச்சுற்றாகத் திருப்பவும் முடிகிற ஓர் உருவம், அதற்காகத் தொடைத் தோலில் அகலமான வெட்டுகளையும் இடுப்பில் வெளிப்படையான இடைவெளியையும் ஏற்றுக்கொண்டிருக்குமானால், அது ஆதாயத்தைவிட இழந்ததே அதிகம் என்பேன். தோலின் மடிப்புக்குள்ளேயே மூட்டு மறைந்திருக்கிறதா, உருவத்தை நிறுத்தினால் வால் தரையில் ஊன்றி எடையைத் தாங்குகிறதா, கழுத்தைத் தாழ்த்தும்போது தொண்டைப் பகுதி இயல்பாக மடங்குகிறதா ஆகியவற்றையே நான் முதலில் பார்ப்பேன். பண்டாய் பொம்மை நிறுவனத்தின் எஸ்.எச். மான்ஸ்டர்ஆர்ட்ஸ் என்னும் அசையும் உருவங்களின் வரிசையில் யூஜி சகாய் போன்ற தேர்ந்த சிற்பியின் கை பட்ட உருவங்களை இத்தனை பேர் தேடுவதற்குக் காரணம், அசைவுக்காகச் சிற்பத்தை அவை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை என்பதே.

இதே காரணத்தால், சோஃபுபி எனப்படும் மென்வினைல் உருவங்களைக் கட்டுரையாளர் 'அசையாத மலிவுப் பொம்மைகள்' என ஒதுக்கியது வருத்தமளிக்கிறது. 1960-களில் மருசான் நிறுவனம் தொடங்கிவைத்த இந்த மரபு ஜப்பானில் இன்றும் உயிரோடிருக்கிறது. உலோக அச்சில் திரவ வினைலை ஊற்றிச் சூடாக்கி, அச்சின் சுவரில் படிந்த தோலைச் சூடு ஆறுமுன் இழுத்து எடுக்கிறார்கள். இரு பாதிகளைச் சேர்த்து வார்க்கும் பிளாஸ்டிக் உருவங்களின் விலாவில் ஓடும் அச்சுக்கோடு இவற்றில் இருப்பதில்லை. கை, கால், வால் ஆகியவை பொருத்தப்பட்ட இடத்தில் சுழல மட்டுமே செய்யும். ஆனாலும் நல்ல சோஃபுபியில் அந்த அரக்கனின் கனம் முழுமையாக நிற்கிறது.

கணினி வரைகலையில் உருவான காட்ஸில்லாக்களை வேறு கண்ணால் பார்க்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2016-ஆம் ஆண்டுப் படத்தில் வால் உடலைவிட நீண்டு வானில் சுழல்கிறது. அங்கே வாலின் மூட்டுகள் இறுக்கமாக இல்லாவிட்டால், நிறுத்திவைத்த சில நாளிலேயே அது தொங்கிப்போய் உருவத்தின் தன்மையே மாறிவிடும். 2023-ஆம் ஆண்டுப் படத்தில் அணுக்கதிர் மூச்சை வெளியிடுமுன் முதுகுத் தகடுகள் வால்பக்கமிருந்து ஒவ்வொன்றாக உந்தி எழுகின்றன. மாற்றிப் பொருத்தும் தகடுகள் உண்மையிலேயே பயன்படும் இடம் அது. உதிரிபாகங்கள் தேவையா என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும்.

பெயின்டைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கரிய அடித்தளத்தின் மேல், தோல் மேடுகளில் மட்டும் வெளிர்சாம்பல் படும்படி உலர்ந்த தூரிகையால் தேய்க்கும்போதுதான் வார்ப்பின் நுணுக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. முதுகுத் தகடுகளின் முனை வெண்மை படிப்படியாகக் கருமையில் கரைய வேண்டும். கோடு கிழித்ததுபோல் நின்றால் அவசர வேலை என்று பொருள். இரு கண்மணிகளும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா, பற்களின் நிறம் ஈறுகளில் வழிந்திருக்கிறதா என்பதைப் பெட்டியைத் திறக்காமலேயே பார்த்துவிடலாம்.

போலிகளைப் பற்றியும் வாசகர்களை எச்சரித்திருக்கலாம். அசல் உருவத்திலிருந்தே அச்செடுத்து வார்க்கப்படும் போலி, வார்ப்புப் பொருள் சுருங்குவதால் அசலைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். தோலின் வரிகள் மழுங்கியிருக்கும், பாதத்திலோ வாலின் அடியிலோ பொறிக்கப்பட்ட டோஹோ உரிமை எழுத்துகளும் தெளிவிழந்து காணப்படும். பழைய உருவங்களை வாங்குவோர் மேற்பரப்பை விரலால் தொட்டுப் பார்ப்பது நல்லது. வினைலை மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் ஆண்டுகள் செல்லச் செல்ல வெளியே கசிந்து பிசுபிசுப்பை உண்டாக்கும். அருகில் சாய்ந்திருக்கும் வேறு பிளாஸ்டிக்கின் பெயின்டையும் அது இளக்கிவிடும். வெயில் நேரடியாக விழும் அலமாரியில் நிறம் மங்குவதோடு, உருவத்தின் எடையைத் தாங்கும் கணுக்காலும் மெல்ல வளையத் தொடங்கும்.

தங்கள் இணைப்பில் இனி இத்தகைய மதிப்பீடுகள் வரும்போது, உருவம் எந்த ஆண்டுப் படத்தைச் சேர்ந்தது என்பதைக் குறிப்பிட்டு, அப்படத்தின் நிழற்படம் ஒன்றை உருவத்தின் நிழற்படத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சிற்பம் படத்தோடு பொருந்துகிறதா என்பதை வாசகர்களே கண்டுகொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்