தை மாதம் வரப்போகும் அம்மாவுக்கு

ஆக்லாந்து, நியூசிலாந்து,
ஐப்பசி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீயும் அப்பாவும் தம்பியும் நலமா?

போன ஞாயிற்றுக்கிழமை போனில், “ராத்திரி முழுக்க ஆகாசத்துலயே எப்படிடி உக்காந்திருந்தே?” என்று கேட்டாய். “ஒண்ணுமில்லம்மா, கண்ணை மூடினா விடிஞ்சுடும்” என்று சொல்லிவிட்டேன். அது பொய். அன்றைக்கு நான் கண்ணை மூடவே இல்லை. உன்னிடம் அப்படிச் சொன்னது அன்றிலிருந்து மனசில் உறுத்துகிறது. போனில் பேசினால் பாதியில் நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். கடிதமென்றால் கைப்பையில் வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் உட்கார்ந்து இன்னொரு தடவை படிக்கலாம்.

அப்பா உன்னோடு வர முடியாது. தையில் சம்பா அறுப்பு, அது முடிந்த கையோடு உளுந்து, மாடும் இருக்கிறது. வேளாங்கண்ணிக்குப் போவதென்றால்கூடத் துணை தேடுகிற நீ என் பேறுகாலத்துக்காகத் தனியாக இரண்டு விமானம் ஏறப்போகிறாய். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உனக்கு அப்படி ஆகக் கூடாது.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம் சொச்சம். கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் ஏழு மணி நேரம் உட்காருகிற உனக்கு அது பெரிதில்லை. டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று தம்பி பதிந்துவிடட்டும். “எனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு” என்று மறுக்காதே. அதற்குத் தனியாகக் காசு இல்லை. ஒருவர் கூடவே வந்து அடுத்த விமானத்தின் வாசல்வரை கொண்டுபோய் விடுவார். நம் ஊர் அம்மாக்கள் நிறையப் பேர் இப்படித்தான் வருகிறார்கள். சிங்கப்பூரில் தமிழும் ஆட்சிமொழி, பயப்படாமல் தமிழிலேயே கேள். ஏறும் வாசலில் பையை மறுபடி சோதிப்பார்கள். அதற்கு முன் பாட்டிலில் இருக்கிற தண்ணீரைக் கொட்டிவிடு, பாட்டிலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆக்லாந்து விமானம் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் கிளம்பும். கிளம்புகிற நேரத்தில் உள்ளே விளக்குகளை அணைத்துவிடுவார்கள். எனக்குப் பகீரென்றது. ஏதாவது அவசரம் என்றால் வெளி இருட்டுக்குக் கண் பழகியிருக்க வேண்டும், அதற்காக எப்போதும் செய்வதுதானாம். மேலே ஏறும்போதும் காலையில் இறங்கும்போதும் காது அடைக்கும். இஞ்சி மரப்பா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு எச்சிலை விழுங்கிக்கொண்டே இரு.

சாப்பாட்டுக்கும் தம்பி முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும், இந்திய சைவம் என்று. சோறும் பருப்பும் ஏதோ ஒரு கூட்டும் கொடுத்தார்கள். எதிலும் உப்பே இல்லாத மாதிரி இருந்தது. சமைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது அம்மா. அவ்வளவு உயரத்தில் உள்ளே காற்று மிகவும் வறண்டிருக்கிறது, இரைச்சலும் ஓயாது, நாக்குக்கு உப்பும் இனிப்பும் சரியாக உறைக்காது. விமானம் 35,000 அடிக்கு மேலே பறந்தாலும் உள்ளே காற்றை அடைத்து, கிட்டத்தட்ட 7,000 அடி மலைமேல் இருக்கிற மாதிரி வைத்திருப்பார்கள். அதாவது கொடைக்கானலில் ஒரு ராத்திரி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள். குளிரும் அப்படித்தான். அவர்கள் தரும் போர்வை முழங்காலுக்கு மேல் வராது. உன் சால்வையைப் பெட்டியில் போட்டுவிடாதே, கையில் வைத்துக்கொள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடி.

இன்னொன்று, மெட்டியைச் சென்னையிலேயே கழற்றிவிடு. எனக்குக் கால் வீங்கி, பாதி ராத்திரியில் மெட்டி விரலை இறுக்கிவிட்டது. கழற்றவும் வரவில்லை. மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து பின்பக்கம்வரை நட. அதற்காகவே உனக்கு நடைபாதை ஓர இடமாகப் பார்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஜன்னல் ஓரம் கிடைத்தால் மற்றவர்களைத் தாண்டிப் போகக் கூச்சப்பட்டு உட்கார்ந்தே இருப்பாய். எனக்கு உன்னைத் தெரியும்.

கழிவறைக் கதவு நடுவில் மடியும், மடிகிற இடத்தில் அழுத்தித் தள்ளு. உள்ளே தாழ் போட்டால்தான் விளக்கு நன்றாக எரியும். அங்கே காகிதம்தான் இருக்கும். அதற்குத்தான் அந்தக் காலி பாட்டில். குழாயில் பிடித்துக்கொள், அந்தத் தண்ணீரைக் குடிக்க மட்டும் கூடாது. பொத்தானை அழுத்தியதும் ‘ஹோ’வென்று பெரிய சத்தத்தோடு இழுக்கும். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஒன்றும் ஆகாது, காற்றால் உறிஞ்சுகிற சத்தம் அது.

சாப்பாட்டுத் தட்டை எடுத்துப்போன கொஞ்ச நேரத்தில் குலுங்க ஆரம்பித்தது. கப்பி ரோட்டில் பஸ் போகிற மாதிரி தடதடவென்று, நடுவில் ஒரு தடவை சட்டென்று கீழே இறங்கின மாதிரி. நான் ஜன்னல் ஓரம். தூரத்தில் மேகத்துக்குள் மின்னல் வெட்டுவது தெரிந்தது. சிங்கப்பூருக்கும் ஜாவாவுக்கும் நடுவில் பூமத்திய ரேகை. அந்தப் பக்கம் எப்போதும் இடிமேகம் குவிந்துகொண்டே இருக்கும், விமானம் அதைச் சுற்றிக்கொண்டு போகும். நீ வருகிற தையில் அங்கே மழைக்காலம், இன்னும் கொஞ்சம் கூடக் குலுங்கலாம். இறக்கை மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆடும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட்டைப் போட்டிரு, தூங்கும்போதும்கூட. மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள். நானும் கும்பிட்டேன்.

அப்புறம் வந்ததுதான் அந்த நேரம். சுற்றிலும் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். முன்னால் இருந்த திரையில் குட்டி விமானம் ஆஸ்திரேலியாவின் நடுவில் நின்றது. நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. கீழே பாலைவனம். நம் ஊரில் எந்த நேரத்தில் ரயிலில் போனாலும் எங்கேயோ ஒரு மோட்டார் கொட்டகை விளக்காவது கண்ணில் படும். அங்கே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பின்னாலும் போக முடியாது, முன்னாலும் ஒன்றும் தெரியாது. அவரிடம் பேச முடியாது, உன்னிடமும் பேச முடியாது. ஏன் கிளம்பி வந்தோம் என்று இருந்தது. நீ கட்டிக் கொடுத்த மிளகாய்ப்பொடி இட்லியில் இரண்டு மிச்சம் இருந்தது. இருட்டில் அதைப் பிரித்தேன். நல்லெண்ணெய் வாசனை வந்ததும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி விழித்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, என் கைமேல் கை வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். ஒரு இட்லியை அவருக்குக் கொடுத்தேன். முழுசாகச் சாப்பிட்டார்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். அடிவானத்துக்குச் சற்று மேலே சின்னதாக நட்சத்திரக் கொத்து ஒன்று. அப்பா மொட்டை மாடியில் படுக்கவைத்துக் காட்டுவாரே, கார்த்திகை, அதுதான். அதைப் பார்த்த பிறகு பயம் போய்விட்டது. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் வந்து இறங்கிய வாரத்திலேயே இங்கே மதாரிக்கி என்று ஒரு விடுமுறை வந்தது. இந்த நாட்டின் ஆதிக்குடிகளான மாவோரி மக்களின் புத்தாண்டு. 2022 முதல் அரசு விடுமுறை. மதாரிக்கி என்று அவர்கள் சொல்வது நம் கார்த்திகைக் கூட்டத்தைத்தான் அம்மா! நடுக்குளிர்காலத்தில் விடியற்காலையில் அது மறுபடி கண்ணில் படுவதுதான் அவர்களுக்கு வருடப் பிறப்பு. நாம் ஆறு கார்த்திகைப் பெண்கள் என்கிறோம், அவர்களில் சிலர் ஏழு என்கிறார்கள், சிலர் ஒன்பது. அந்த வருடம் இறந்துபோனவர்களை அன்றைக்குப் பெயர் சொல்லி நினைப்பார்கள். அடுத்த வீட்டு மாவோரி அக்கா என்னையும் வைகறையில் எழுப்பிக் கூட்டிப்போனார். நான் அப்பாயி பெயரைச் சொன்னேன். அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டு.

கிழக்கே பறப்பதால் ராத்திரி சுருங்கிவிடும். நீ வரும்போது சிங்கப்பூர் நேரத்துக்கு மூன்றரை மணி போலவே வெளுத்துவிடும். விடிந்துவிட்டால் பாதி பயம் போச்சு. அதற்கப்புறம் இரண்டு மூன்று மணி நேரம் கடல். இறங்கும்போது விமானம் தண்ணீரிலேயே இறங்குகிற மாதிரி இருக்கும். ஓடுதளம் உப்பங்கழி ஓரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கீழே இறங்கியதும் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து பூச்சியோ விதையோ மண்ணோ நாட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்பதில் இவர்கள் கண்டிப்பு. கொண்டுவரும் தின்பண்டம் எதுவானாலும் படிவத்தில் சொல்லிவிட வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய நாள் தம்பி அதைப் போனிலேயே நிரப்பிவிடலாம், காசு கிடையாது. மறைத்தால் 400 டாலர் அபராதம். சொல்லிவிட்டால் பயமில்லை, ஆகாததை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நீ பேப்பரில் சுற்றி வைத்த கறிவேப்பிலை அங்கேதான் போயிற்று. பொடிகளை விட்டுவிட்டார்கள். என் செருப்பில் நம் கொல்லை மண் காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த அதிகாரிப் பெண் அதை உள்ளே கொண்டுபோய்க் கழுவித் துடைத்து, பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள். எனக்குத்தான் அந்த மண்ணை நினைத்து ரொம்ப நேரம் ஒரு மாதிரி இருந்தது. நீ செருப்பை நன்றாகத் தேய்த்துக் கழுவிப் போட்டுக்கொண்டு வா. மிச்ச இட்லி இருந்தால் விமானத்திலேயே கொடுத்துவிடு.

வெளியே வந்தால் நாங்கள் நிற்போம்.

இங்கே தை கோடைக்காலம். ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் பொழுது சாயும். செப்டம்பர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டதால் இப்போது எங்களுக்கும் உங்களுக்கும் ஏழரை மணி நேர வித்தியாசம். அங்கே ஒன்பது மணிக்குப் படுக்கிறவளுக்கு இங்கே விடியற்காலை நாலரைக்குத்தான் தூக்கம் வரும். ஒரு வாரத்தில் சரியாகிவிடும். வீடு மர வீடு, சின்னதுதான், ஆனால் பின்னால் எலுமிச்சை மரம் இருக்கிறது. பேறுகாலம் முழுக்க ஒரே மருத்துவச்சிதான் என்னைப் பார்த்துக்கொள்கிறார். குழந்தை பிறந்த பிறகு வீட்டுக்கே வந்து ஆறு வாரம்வரை பார்ப்பாராம். உன்னைப் பற்றிச் சொன்னேன். “உங்கள் அம்மா வரட்டும், அவரிடமும் பேச வேண்டும்” என்றார்.

பெட்டியில் பலகாரத்தை அடைக்காதே. உன் பழைய நூல் புடவைகளில் நாலைந்தைத் துவைத்து எடுத்து வா. அந்தப் பச்சைக் கட்டம் போட்ட புடவை கட்டாயம் வேண்டும். தூளி கட்ட உத்தரத்தில் கொக்கி அடிக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டிருந்தோம். நேற்றுதான் சரி என்று சொன்னார்.

இப்படிக்கு,
உன் பெரியவள்