ஹவாய்க்கு முன்னால் ரீயூனியனைச் சொல்லுங்கள்

டெல்டா மாவட்டங்களில் புவியியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

எரிமலைப் பாடத்தில் வெப்பப் புள்ளி, அதாவது பூமியின் ஆழத்திலிருந்து சூடு மேலெழும் நிலையான இடம், என்று வந்ததும் எல்லோரும் நேராக ஹவாய்க்குப் போய்விடுகிறீர்கள். தப்பில்லை, அது தெளிவான உதாரணம்தான். ஆனால் மன்னார்குடிப் பிள்ளைக்குப் பசிபிக் நடுவில் ஒரு தீவு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மலையே இல்லாத பக்கம் நம்முடையது, பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. அதனால் ஒரு வேண்டுகோள்: பாடத்தை, இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே பிரான்சுக்குச் சொந்தமாக உள்ள ரீயூனியன் தீவிலிருந்து ஆரம்பியுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேறி, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வம்சம் இன்றும் அங்கே இருக்கிறது. நம்மூர் திரௌபதி அம்மன் கோயில் போலவே தீமிதியும் நடக்கிறது. அந்தத் தீவு உட்கார்ந்திருப்பதே ஒரு வெப்பப் புள்ளியின் மேல்தான். அங்குள்ள பித்தோன் டி லா ஃபுர்னேஸ், உலகத்திலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. 1977இல் அதன் லாவா ஊருக்குள் இறங்கி ஒரு தேவாலயத்தின் வாசல் வரைக்கும் வந்து, இரண்டாகப் பிரிந்து கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், வகுப்பு அப்படியே நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம் விஷயத்துக்கு வரலாம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இதே வெப்பப் புள்ளி இந்தியாவுக்கு அடியில் இருந்தது. அப்போது கொட்டிய லாவாதான் தக்காணப் பீடபூமியின் வடமேற்குப் பகுதியில் பாறையாகப் பரவிக் கிடக்கிறது. இன்று மிஞ்சியிருப்பதே ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர், சில இடங்களில் 2 கிலோமீட்டர் கனம். எல்லோராவைக் குடைந்தது இந்தப் பாறையில்தான், ஆனால் எல்லோரா வரலாற்றுப் பாடத்தில் கிடக்கிறது, லாவா புவியியலில் கிடக்கிறது, இரண்டும் சந்திப்பதே இல்லை! இந்தியா வடக்கே நகர நகர, அந்தப் புள்ளி கடலுக்கடியில் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று தடம் போட்டது. பிறகு கடல்நடு முகடு (கடலடியில் தட்டுகள் பிரியும் மலைத்தொடர்) அந்தப் புள்ளியைத் தாண்டி நகர்ந்துவிட்டதால் தடம் இரண்டாக அறுந்து, மறுபக்கம் மொரீஷியஸ், கடைசியாக ரீயூனியன். வரைபடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தால் போதும்.

எப்படி நடக்கிறது என்றால், தையல் மிஷினில் ஊசி ஒரே இடத்தில் குத்துகிறது, துணிதான் நகர்கிறது, தையல் வரிசையாக விழுகிறது இல்லையா, அப்படித்தான். 1963இல் கனடா புவி விஞ்ஞானி டூஸோ வில்சன் ஹவாயைப் பார்த்து இதைச் சொன்னார், 1971இல் அமெரிக்க விஞ்ஞானி ஜேசன் மார்கன் கவசத்தின் (மேலோட்டுக்குக் கீழே உள்ள தடித்த பாறை அடுக்கு) ஆழத்திலிருந்து சூடான பாறை தூண் போல எழும்புகிறது என்று விளக்கினார். எல்லா வெப்பப் புள்ளிக்கும் அவ்வளவு ஆழத்தில் வேர் உண்டா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று நிதானமாக நடத்துங்கள். பூமிக்குள் நெருப்புக் குழம்புக் கடல் இருப்பதாகத்தான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கவசம் திடமான பாறை. அந்தத் தூணும் திடமாகவே, நகம் வளர்கிற வேகத்தை ஒட்டி மெல்ல மெல்ல மேலே வருகிறது. மேலே வர வர அழுத்தம் குறைகிறது, சூடு அவ்வளவாகக் குறைவதில்லை, அதனால் மேலோட்டை நெருங்கும்போது ஒரு பகுதி உருகிவிடுகிறது. கூடுதலாகச் சூடேறி உருகுவதில்லை, அழுத்தம் விலகியதால் உருகுகிறது.

ஐஸ்லாந்து, கலாபகஸ், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். அந்தமானின் பேரன் (Barren) தீவு எரிமலை வராது. அங்கே பூமியின் மேற்பரப்புப் பாறைத் தட்டுகளில் ஒன்று இன்னொன்றுக்கு அடியில் புகுவதால் எரிமலை. 2004இல் நாகப்பட்டினத்தை அடித்த சுனாமிக்குக் காரணமும் அதே தட்டுப் புகுதல்தான், எரிமலை இல்லை. சுனாமியையும் எரிமலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் பெரியவர்களே நம் ஊரில் நிறைய. நமக்கு அடியில் இருப்பது காவிரி கொண்டுவந்து கொட்டிய மணலும் களியும், வெப்பப் புள்ளி எதுவும் கிடையாது என்பதையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

காரைக்கால் பக்கம் ரீயூனியனில் சொந்தக்காரர்கள் உள்ள பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், பாடம் நடக்கிற அன்று வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். 2007இல் லாவா அறுத்துப்போட்ட கடலோரச் சாலையை எப்படித் திரும்பப் போட்டார்கள் என்று முதலில் கேட்கட்டும்.